மாத்திரை ஒன்று, காவல் பல

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், வாலாஜாபாத்துக்கு அருகே இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீளமான கல்வெட்டு ஒன்று உண்டு. தமிழக மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை. 'வீரசோழன்' என்ற ஆதுலசாலையின் (மருத்துவமனையின்) ஏற்பாடுகளை அது வரிசையாகச் சொல்கிறது. நோயாளிகள் படுக்க 15 இடங்கள். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்ய ஆட்கள். மருந்து கொடுத்து நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். தண்ணீருக்கு ஓர் ஆள். இரவில் எரிய ஒரு விளக்கு. கூடவே, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று அது நீள்கிறது.

மருந்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை அந்தக் கல்வெட்டு. கொண்டுவருவது யார், செய்வது யார், ஊட்டுவது யார், எவ்வளவு கையிருப்பு என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்வழியாக எடுக்கும் மருந்துகளைப் பற்றி இன்று கேட்கப்படும் கேள்விக்கும் இதே பட்டியல்தான் பொருந்துகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை பாதுகாப்பானதுதானா? கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், மாத்திரைக்குள் இருக்கும் ரசாயனம் அந்தக் கேள்விக்குப் பாதி பதிலைத்தான் தருகிறது. மீதிப் பாதி அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

மருந்தே பயமாக இருந்த காலம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வகத்தில் அவற்றைச் சோதித்தபோது தொற்று வெளிப்பட்டது. அப்போது உலகில் எங்குமே இதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. அடுத்த ஆண்டு, 1987 மார்ச்சில், அமெரிக்கா சிடோவுடின் என்ற முதல் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

அந்த மருந்தின் தொடக்க கால அளவு இன்று படித்தால் திகைக்க வைக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து விழுங்க வேண்டும். ரத்த அணுக்கள் சரிந்து, பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மருந்து வைரஸை அடக்கியது. ஆனால் தனி ஒரு மருந்தாக இருந்ததால் சில மாதங்களிலேயே வைரஸ் உருமாறித் தப்பித்துக்கொண்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் தப்ப வழியில்லை என்பது 1996-ல் தெளிவானது. நம் ஊர் மருத்துவமனைகளில் 'கூட்டு மருந்து' என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

கூட்டு மருந்து வந்ததும் விலை குறுக்கே நின்றது. மேலை நாடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன சிகிச்சையை, 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரையில். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) எட்டு மையங்களில் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை. 1928-ல் காசநோய்க்காக எழுந்த அந்த சானடோரியம், 1990-களிலிருந்தே எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்துவந்தது.

உயிரைக் காத்த அந்த மலிவு மாத்திரைக்கு வேறொரு விலையும் இருந்தது. ஸ்டாவுடின் எடுத்தவர்களுக்குக் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தன. கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்தது. யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த தொற்றை, ஊராருக்கு முகமே காட்டிக்கொடுத்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

நெவிரபினின் கதை வேறு மாதிரி. முதல் 14 நாட்கள் ஒரு வேளை மட்டும், பிறகு இரண்டு வேளை என்று மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து அது. முதல் நாளிலேயே முழு அளவில் ஆரம்பித்தால் தோல் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் கூடும். வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரியும் நிலைவரை போனவர்கள் உண்டு. ஆரம்பத்தில் கொடுக்கும் பெட்டியும் பின்னால் கொடுக்கும் பெட்டியும் வேறு வேறு என்று ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் தவிர்க்கக்கூடிய ஆபத்து அது. எஃபவிரென்ஸ் வந்தபோது கெட்ட கனவும் தலைசுற்றலும் வந்தன. அதை இரவு படுக்கும் நேரத்தில், எண்ணெய்ப் பலகாரத்தோடு சேர்க்காமல் எடுக்கச் சொன்னார்கள். அபாகவிர் ஒரு சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூச்சுத்திணறலுமாக ஒவ்வாமையைக் கிளப்பும். அப்படி ஒரு முறை வந்து நிறுத்தியவர் மறுபடி அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்றைய மாத்திரை

2019-ல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெக்ராவிர் என்ற மருந்தை முதல் வரிசைக்கு உறுதியாகப் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பின்பற்றியது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 ஆகிய மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரையை, பெரும்பாலான பெரியவர்கள் இன்று ஏ.ஆர்.டி. மையங்களில் வாங்குகிறார்கள். நாளுக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம்.

பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் இது சாதுவானது. வைரஸ் வேகமாக அடங்குகிறது. உருமாறித் தப்புவதும் அரிது. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அதனால்தான் சிகிச்சை தொடங்கும்போதும் பிறகு அவ்வப்போதும் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டொலுடெக்ராவிர் ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் அளவு லேசாக ஏறும். சிறுநீரகம் அதை வெளியேற்றும் ஒரு வழியை அந்த மருந்து அடைப்பதால் வரும் ஏற்றம் அது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. சீட்டில் எண்ணைப் பார்த்துப் பயந்து தானாக மருந்தை நிறுத்துகிறவர், இல்லாத நோய்க்காக இருக்கும் நோயைத் திறந்துவிடுகிறார். ஏற்றம் எந்த வகை என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை.

டொலுடெக்ராவிரால் சிலருக்குத் தூக்கம் கெடும். அவர்களை மாத்திரையைக் காலையில் எடுக்கச் சொல்கிறார்கள். எடை கூடுவதும் பலரிடம் தெரிந்திருக்கிறது. மெலிந்து போன உடம்பு தேறுவது ஒரு பங்கு, மருந்தின் விளைவு ஒரு பங்கு. சர்க்கரை நோய் அதிகமுள்ள தமிழ்நாட்டில் எடையைக் கவனிக்காமல் விட முடியாது.

கல்லீரல் அழற்சி பி வைரஸும் சேர்ந்து இருப்பவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டுமே அந்த வைரஸையும் அடக்கிவைக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி.யோடு கல்லீரல் அழற்சியும் சீறிக் கிளம்பலாம்.

கூடப் போகும் மருந்துகள்

காஞ்சிபுரம் பகுதியில் தறிக்குழியில் காலை விட்டு மணிக்கணக்காகக் குனிந்து பட்டு நெய்கிறவருக்கு இடுப்பு வலியும் கால் வலியும் புதிதல்ல. மெடிக்கலில் சொன்னால் டைக்ளோஃபெனாக் மாத்திரை சீட்டில்லாமலே கைக்கு வந்துவிடுகிறது. அதே நெசவாளர் டெனோஃபோவிரும் எடுப்பவராக இருந்தால், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தின் மேல் பாரம் ஏற்றும். வலி மாத்திரையை அடிக்கடியோ அதிக அளவிலோ எடுப்பது இவர்களுக்கு ஆகாது. வலிக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை அப்பாவிகளாகத் தெரிபவை. இவற்றில் உள்ள உலோகச் சத்து டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போகாது. ஆன்டாசிட் எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, எடுத்து ஆறு மணி நேரம் கழித்தோதான் டொலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். கால்சியத்தையும் இரும்பையும் மட்டும், சாப்பாட்டோடு எடுத்தால் டொலுடெக்ராவிரோடு ஒன்றாகவே எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை வாங்கும் கர்ப்பிணிக்கு இதைச் சொல்ல மறந்தால், மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தும் வைரஸ் அடங்காமல் போகும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். டொலுடெக்ராவிர் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். எனவே நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் வைக்கச் சொல்கிறது வழிகாட்டுதல். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாய்ன் இரண்டும் டொலுடெக்ராவிரின் வலுவைக் குறைக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது காசநோய். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இன்றும் அதுதான். காசநோய்க்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசின், கல்லீரலின் வேகத்தைக் கூட்டி டொலுடெக்ராவிரைச் சீக்கிரம் அழித்துவிடும். ஆகவே காசநோய் சிகிச்சை நடக்கும் காலத்தில் வழக்கமான மாத்திரையோடு பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் தனியாக உண்டு. இரண்டு நோய்க்கும் இரண்டு இடத்தில் மருந்து வாங்குகிறவர், ஓரிடத்தில் வாங்குவதை மற்ற இடத்தில் மறைத்தால் இந்தக் கூடுதல் மாத்திரை அவர் கைக்கு வராது. கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோ கழுத்தில் கட்டியோ புதிதாகத் தெரிந்தால், 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் அது உடலின் எதிர்ப்பாற்றல் திரும்பி வந்து, உள்ளே ஒளிந்திருந்த காசக் கிருமியோடு மோதுவதன் அடையாளம். மருந்தை நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்.

நாட்டு மருந்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. கூட்டு மருந்து ஏழைகளுக்கு எட்டாத 1990-களில், தாம்பரம் மருத்துவமனையிலேயே ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாத காலத்தில் அது நோயாளிகளுக்கு ஆறுதல் தந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. வைரஸை அடக்குவது கூட்டு மருந்துதான் என்பதில் ஐயமில்லை. பாதரசம் சேர்ந்த மருந்தை டெனோஃபோவிரோடு சிறுநீரகம் சுமப்பதும் சின்ன விஷயமல்ல. சித்த மருந்து எடுப்பவர் அதை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது; சொன்னதற்காக அவரைக் கடிந்துகொள்ளவும் கூடாது. எயிட்ஸைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது இந்திய மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யிலேயே இருக்கிறது.

விடுபடும் வேளைகள்

ஒரு வேளை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் எடுக்க வேண்டும். விட்டதற்கு ஈடாக இரண்டு மாத்திரை ஒன்றாக விழுங்குவதில் பயனில்லை. என்றோ ஒரு நாள் தவறுவதால் உலகம் கவிழ்ந்துவிடாது. தொடர்ந்து விட்டு விட்டு எடுப்பதுதான் வைரஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது.

மருந்து வேலை செய்கிறதா என்று காட்டுவது ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை பார்க்கும் பரிசோதனை. அரசு மையங்களில் சிகிச்சை பெறும் எல்லோருக்கும் இதை இலவசமாகச் செய்யும் திட்டம் 2018-ல் தொடங்கியது. சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்கிறார்கள். எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. இந்த முடிவுக்கு அடிப்படையான பெரிய ஆய்வுகளில் ஒன்று எச்.பி.டி.என். 052. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அதில் பங்கேற்றது. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் அதன் முடிவு வெளியானது. தன் உடம்புக்காக எடுக்கும் மாத்திரை வீட்டில் இருப்பவரையும் காக்கிறது என்று தெரிந்தவர்கள் வேளை தவறுவது குறைவு என்கிறார்கள் ஆலோசகர்கள்.

தாயும் பிள்ளையும்

எந்தத் தலையீடும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்ததும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது.

2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த ஒரு தகவல் உலகையே தயங்கவைத்தது. கருத்தரிக்கும் நேரத்தில் டொலுடெக்ராவிர் எடுத்த 426 பெண்களில் நால்வரின் குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு. பல நாடுகள் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தன. அதே ஆய்வு தொடர்ந்து ஆயிரக்கணக்கான பிரசவங்களைக் கணக்கிட்டபோது, அந்த விகிதம் மற்ற பெண்களுக்குரிய அளவுக்கே இறங்கிவிட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கும் இதுதான் முதல் மருந்து. சந்தேகம் வந்ததும் எச்சரித்ததும், கணக்கை நிறுத்தாமல் தொடர்ந்ததும், தெளிந்ததும் தடையை நீக்கியதும் ஆகிய மூன்றுமே மருந்துக் கண்காணிப்பின் பகுதிகள்.

குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் மருந்தளவு. குழந்தை வளர வளர அளவும் மாற வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த எடையை வைத்துக் கொடுத்தால் மருந்து போதாமல் போகும்.

இருப்பும் ரகசியமும்

2022 ஜூலையில், டெல்லியில் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் தொற்று உள்ளவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். டொலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகள் பல மையங்களில் தட்டுப்பாடு. ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் சில நாட்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள் என்பது அவர்களின் புகார். போராட்டம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. மருந்து நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஆய்வகத்தில் முடிந்துவிட்டாலும், அலமாரியில் அது இல்லாவிட்டால் நோயாளிக்கு எல்லாம் ஒன்றுதான். திருமுக்கூடல் கல்வெட்டு ஓராண்டு இருப்பைப் பட்டியல் போட்டு வெட்டியதன் அருமை இங்கே புரியும்.

இருப்பு இருந்தும் வாங்க முடியாத நிலையும் உண்டு. நாள் கூலிக்கு நெய்கிறவர் மருந்துக்காக ஒரு நாள் போனால் அன்றைய தறி நிற்கிறது. பெரிய மையத்துக்கு அலையாமல் பக்கத்திலேயே மருந்து வாங்க இணைப்பு ஏ.ஆர்.டி. மையங்கள் வந்ததும், 2020 ஊரடங்கில் பல மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தச் சுமையைக் குறைத்தன. ஆனால் மூன்று மாத மருந்தைச் சின்ன வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. மாமியாருக்குத் தெரியாமல், பிள்ளைகள் கேட்காமல் மாத்திரை விழுங்கும் பெண்கள், டப்பாவின் ஒட்டுச்சீட்டைக் கிழித்துவிட்டு வைக்கிறார்கள். காலாவதி நாளும் அதோடு போய்விடுகிறது. வேறு டப்பாவுக்கு மாற்றினால் ஈரம் புகுந்து மாத்திரை கெடும்.

இந்த மறைப்புக்குச் சட்டத்தில் ஓர் ஊன்றுகோல் உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எயிட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அதே 2017-ல், எதிர்ப்பாற்றலுக்கான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திருக்காமல் தொற்று தெரிந்த உடனே மருந்து தொடங்கும் கொள்கையும் வந்தது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

நரைக்கும் தலைமுறை

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். 2004-ல் தாம்பரத்தில் முப்பது வயதில் மாத்திரை வாங்கத் தொடங்கியவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. ஸ்டாவுடினையும் நெவிரபினையும் பார்த்துவிட்டு இன்றைய ஒற்றை மாத்திரைக்கு வந்திருக்கும் தலைமுறை இது. அவர்களின் கையில் இப்போது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகள் சேர்ந்துவிட்டன. ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு புத்தகம், சர்க்கரை மருத்துவரிடம் ஒரு சீட்டு, மெடிக்கலில் வாய்வார்த்தை என்று மருந்துக் கணக்கு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மெட்ஃபார்மின் அளவைக் கூட்டும் மருத்துவருக்கு டொலுடெக்ராவிர் தெரியாது. டொலுடெக்ராவிர் கொடுக்கும் மருத்துவருக்கு டைக்ளோஃபெனாக் தெரியாது. சொன்னால் அடுத்த முறை எப்படி நடத்துவார்களோ என்ற பயத்தில் நோயாளி வாய் திறப்பதில்லை.

அடுத்த பத்தாண்டில் பாதுகாப்பு சறுக்கக்கூடிய இடம் இதுவே. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவையில்லை. எடுக்கும் எல்லா மருந்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைத் தயங்காமல் நீட்ட முடிய வேண்டும். தாளை எழுதுவது ஐந்து நிமிட வேலை. அதை நீட்டும் கை தயங்காமல் இருப்பது, வாங்கிப் படிக்கும் மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.